தாய் சேய் மொத்த எடை

பிள்ளை பிறந்து எழுபத்தைந்தாம் நாள் கிருபாசங்கர் தன் தங்கை புவனாவுக்குச் சீர் கொண்டுவந்தான். மொத்தம் ஏழு தட்டு. ஆறு தட்டுகளில் தேங்காய், பழம், வெற்றிலை பாக்கு, குழந்தைக்குச் சட்டை, வெள்ளிக் கொலுசு என்று எல்லா அண்ணன்களும் கொண்டுவருவது இருந்தது. ஏழாவது தட்டில் மல்லிகைச் சரத்துக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் அட்டை இருந்தது. 'மறுவடிவத் தாய்மை மையம், கோயம்புத்தூர். பன்னிரண்டு வாரத் திட்டம். தங்க உறுப்பினர்: திருமதி புவனா சபரீஷ்.'

புவனாவின் பெரியநாயக்கன்பாளையத்து வீட்டில் கூடியிருந்த உறவுக்காரர்கள் கொலுசை விட்டுவிட்டு அட்டையைத்தான் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தார்கள். தங்கை இளைப்பதற்கு இதுவரை எந்த அண்ணனும் சீர் செய்ததில்லை என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. ஒரு பெரியம்மா கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

கிருபாசங்கருக்கு முப்பத்தைந்து வயது. ஆறு வருடமாகப் பெண் தேடி, ஈரோடு, தாராபுரம், காங்கேயம் என்று எல்லாத் திசையிலும் ஜாதகம் அலைந்து, ஒருவழியாக வருகிற தை மாதத்துக்குக் கல்யாணம் கூடியிருந்தது. கொங்குக் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் சீலையை முறைப்படி உடுத்திக்கொண்டு, மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் நின்று செய்துகொள்கிற சடங்கு. அன்றைக்கு மாப்பிள்ளைக்கு அடுத்தபடி மரியாதை அவளுக்குத்தான். அந்த இடத்தில் நிற்கப்போகிறவள் புவனா. நிற்கப்போகிறவளின் எடை எழுபத்தெட்டுக் கிலோ. கல்யாணத்துக்கு ட்ரோன் வருகிறது.

அண்ணன் அதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லவில்லை. "உனக்காகத்தான் கண்ணு. உடம்பு முக்கியமில்ல?" என்று மட்டும் சொன்னான். அப்பா போன பிறகு அவளைப் படிக்கவைத்தவனும் கட்டிக்கொடுத்தவனும் அவன்தான். அண்ணன் ஒன்றைச் சொன்னால் அது தன் நல்லதுக்குத்தான் என்று நம்புவதில் புவனாவுக்கு இருபத்தேழு வருடப் பழக்கம் இருந்தது. அவள் அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

மையம் அவினாசி ரோட்டில் கண்ணாடிக் கட்டடத்தில் இருந்தது. உணவுத் துறை, அசைவுத் துறை, மனத் துறை என்று மூன்று துறைகள். புவனாவைப் பொறுப்பேற்றுக்கொண்டவள் ஹரிதா என்கிற ஆலோசகர். கல்யாணம் ஆகாத பெண், இருபத்துமூன்று வயது, சிரித்த முகம். விண்ணப்பத்தில் 'எடை கூடியதற்குக் காரணம்' என்ற கட்டத்தில் புவனா 'குழந்தை பிறந்தது' என்று எழுதியிருந்தாள். ஹரிதா அதை அழகாக அடித்தாள். குழந்தை பிறந்தது ஒரு நிகழ்வு, காரணம் ஆகாது என்று விளக்கி, 'அலட்சியம்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள். பிறகு 'சீரளித்தவர்' என்று ஒரு கட்டம். அறிக்கைகள் அவருக்குத்தான் போகும், முடிவுகளுக்கு அவர்தான் ஒப்புதல் தர வேண்டும், பயனாளிக்கு அந்தத் தொந்தரவெல்லாம் இல்லை என்றாள். புவனாவுக்கு அது சௌகரியமாகத்தான் பட்டது.

எடை போடும் இடத்தில்தான் முதல் குழப்பம். இடுப்பில் குழந்தையோடு நின்றவள், குழந்தையை யாராவது பிடித்துக்கொண்டால் மேடையில் ஏறுவேன் என்றாள். அறையில் இருந்த எல்லோரும் திடுக்கிட்டார்கள். தாயையும் சேயையும் பிரிப்பது மையத்தின் கொள்கைக்கு விரோதமாம். சுவரில் பெரிய எழுத்தில் எழுதியே வைத்திருந்தார்கள்: 'பால் குடிக்கும் வரை இருவரும் ஒருவரே.' ஆகவே இரண்டு பேரையும் சேர்த்தே நிறுத்தி, எண்பத்துமூன்று கிலோ ஐந்நூறு கிராம் என்று பதிந்தார்கள். இதற்குத் 'தாய் சேய் மொத்த எடை' என்று பெயர். பன்னிரண்டு வாரத்தில் அது எழுபத்தைந்துக்கு வர வேண்டும்.

பாப்பா வளருவாளே என்று புவனா கேட்டாள். நியாயமான கேள்வி என்பதால் இயக்குநரிடமே அழைத்துப் போனார்கள். இயக்குநர் டாக்டர் வரதராஜுலு கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் இல்லாத டாக்டர். பட்டம் வாங்கியது நிர்வாக இயலில். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேள்வியை உள்வாங்கினார்.

"அம்மா, வளர்ச்சியை இந்த மையம் ஒருபோதும் எதிர்த்ததில்லை. ஆனால் திட்டத்துக்குள் வராத வளர்ச்சியை எங்களால் ஊக்குவிக்க முடியாது. நீங்கள் போதுமான அளவு குறைந்தால், குழந்தை வளர்வதற்குத் தானாகவே இடம் கிடைக்கும்."

இதில் எங்கேயோ ஒரு பிசகு இருப்பது புவனாவுக்குத் தெரிந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. படித்தவர் சொல்கிறார், அண்ணன் பார்த்து வைத்த இடம். தலையாட்டிவிட்டு வந்தாள்.

அதன் பிறகு சாப்பாடு துறையின் கைக்குப் போயிற்று. காலையில் ஒரு கிண்ணம் சாறு, மத்தியானம் வெள்ளரியும் அவித்த பயறும், ராத்திரிக்கு ஒரு தம்ளர் சீரக நீர். இது உணவுத் துறையின் உத்தரவு. அசைவுத் துறையோ, பால் கொடுத்தால் தாயின் உடம்பிலிருந்து ஏகப்பட்ட சக்தி செலவாகிறது, ஆகவே நாளைக்குப் பன்னிரண்டு தடவை கொடு என்றது. சாப்பிடாமல் எங்கிருந்து கொடுப்பது என்ற கேள்வி இரண்டு துறைகளுக்கும் நடுவில் விழுந்ததால், அதை மனத் துறைக்கு மாற்றினார்கள். மனத் துறை அவளைக் கண்ணை மூடி மூச்சை இழுத்துவிடச் சொன்னது.

மூன்றாவது வாரம் பதினாலாம் வாரத் தடுப்பூசி வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தையை மட்டும் எடை போட்டு, ஐந்து கிலோ தொள்ளாயிரம் என்று அட்டையில் குறித்துக் கொடுத்தார்கள். பிரசவ வார்டில் எல்லோரும் சேர்ந்து பயமுறுத்தின பிள்ளை, குறைமாதத்தில் இரண்டரைக் கிலோவில் பிறந்தது. புவனாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பாப்பா நானூறு கிராம் ஏறியிருக்கிறாள் என்று ஹரிதாவிடம் ஓடிப்போய்ச் சொன்னாள்.

ஹரிதாவின் சிரித்த முகம் மாறியது. மூன்று வாரத்தில் ஒரு கிலோ குறைந்திருக்க வேண்டிய மொத்த எடை அறுநூறுதான் குறைந்திருந்தது. அந்த நானூறு எங்கே போனது என்று மையமே மூன்று நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்ததாம். "அப்போ அது பாப்பாதானுங்களா?" என்று கேட்டுக்கொண்டே அவள் மஞ்சள் தாள் ஒன்றை எடுத்தாள். வியாழக்கிழமைக் கூட்டத்தில் புவனா எழுந்து நின்று, முப்பது தாய்மார்கள் முன்னால், தன் பொறுப்பில் உள்ள குழந்தை நானூறு கிராம் ஏறியதற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டியதாயிற்று. எல்லோரும் கை தட்டினார்கள். வருத்தம் தெரிவிப்பவர்களுக்குக் கை தட்டுவது அங்கே வழக்கம்.

மறுவாரம் இல்லத் தணிக்கை. இரண்டு பேர் சீருடையில் பெரியநாயக்கன்பாளையத்துக்கே வந்து சமையலறையைத் திறந்தார்கள். தாராபுரத்திலிருந்து அம்மா ராசாத்தாள் கொடுத்தனுப்பியிருந்த பூண்டு ஊறுகாய், கருப்பட்டி, பால்சுறாக் கருவாடு எல்லாம் அகப்பட்டன. பால் ஊறத்தான் என்று புவனா சொன்னதைக் குறித்துக்கொண்டு, மூன்றையும் தனித்தனிப் பையில் போட்டு, எண் ஒட்டி எடுத்துப் போனார்கள். கருவாட்டுக்கு மட்டும் இரண்டு பை. சாட்சிக் கையெழுத்துப் போட்டது அவள் கணவன் சபரீஷ்.

சபரீஷ் மோட்டார் பம்புக்கு உதிரி பாகம் கடையும் பட்டறை வைத்திருப்பவன். லேத்தில் ஒரு மயிரிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவான். வீட்டில் பிசகினால் கண்ணில் படாது. எதற்கு அவர்களுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீர்கள் என்று கேட்டதற்கு, உன் அண்ணன் சேர்த்துவிட்ட இடம், நான் எப்படி மறுப்பது என்றான். மச்சானிடம் மரியாதை உள்ளவன்.

ஆறாவது வாரத்தில் பால் குறைய ஆரம்பித்தது.

முதலில் அது அவளுக்கே தெரியவில்லை. பாப்பா பத்து நிமிடம் குடித்துவிட்டு வாயை எடுத்து வீரிட்டாள். அந்தப் பக்கம் மாற்றினால் அந்தப் பக்கமும் அப்படியே. ஒரு நாளைக்கு எட்டு ஒன்பது துணி நனைத்தவள் நாலு துணிதான் நனைத்தாள். புவனாவுக்கு எழுந்து நின்றால் தலை சுற்றியது. வாரியபோது சீப்பு நிறைய முடி வந்தது. தன் உடம்பைப் பற்றி அவளுக்குக் கவலை இல்லை. பாப்பா வாயை எடுத்துவிட்டு, ஏமாற்றிவிட்டாயே என்பதுபோல் தன் முகத்தைப் பார்ப்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. எல்லாவற்றையும் ஹரிதாவிடம் ஒன்று விடாமல் சொல்லி அழுதாள். ஹரிதா கையைப் பிடித்து ஆறுதல் சொல்லி, ஒன்று விடாமல் எழுதிக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் அண்ணன் போன் செய்தான். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று தானாகவே கேட்டான். அவன் அப்படி விசாரித்தது புவனாவுக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது. பால் கொஞ்சம் பத்தவில்லை என்றாள். எல்லாம் சரியாகிவிடும், விட்டுவிடாதே என்றான்.

எட்டாவது வாரம் மையத்தில் மணி அடித்தார்கள். யாராவது ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் இறங்கினால் அடிக்கிற வெண்கல மணி. புவனாவின் மொத்த எடை எழுபத்தேழரைக்கு வந்திருந்தது. மேடை போட்டு, அவளுக்குப் பொன்னாடையும் குழந்தைக்குச் சின்னப் பொன்னாடையும் போர்த்தினார்கள். இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"தாய்மார்களே, எனக்குப் பிரசவ அனுபவம் கிடையாது. என் மனைவிக்கு இரண்டு முறை உண்டு. இரண்டு முறையும் நான் வெளிநாட்டுக் கருத்தரங்கில் இருந்தேன். ஆகவேதான் இந்த விஷயத்தை என்னால் உணர்ச்சிவசப்படாமல் அணுக முடிகிறது. திருமதி புவனாவைப் பாருங்கள். ஆரம்பத்தில் அவருடைய குழந்தை நமக்கு ஒத்துழைக்கவில்லை. இன்று அந்தக் குழந்தையும் நம்மோடு சேர்ந்து உழைத்திருக்கிறது. நாலு மாதக் குழந்தைக்கு இருக்கும் கட்டுப்பாடு நமக்கு வேண்டாமா?"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பொன்னாடைக்குள் பாப்பா அழவில்லை. அழுவதற்கும் தெம்பு வேண்டும்.

வீட்டுக்கு வந்து பாராட்டுப் பத்திரத்தைச் சபரீஷிடம் காட்டினாள். அவன் அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை படித்தான். அவனுடைய பட்டறைப் புத்தி அப்போதுதான் வீட்டுக்கு வந்தது.

"ஏன் அம்மணி, ரெண்டு சாமானத்தையும் ஒண்ணா வெச்சு எடை போட்டா, எது தேஞ்சுதுன்னு எப்பிடித் தெரியும்?"

புவனா அவனையே பார்த்தாள். பிறகு குழந்தையின் கையைப் பார்த்தாள். பிறந்த மூன்றாம் மாதம் மணிக்கட்டில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது. அதைக் காணோம்.

மறுநாள் காலை ஆரம்ப சுகாதார நிலையம் திறக்கும் முன்னே இரண்டு பேரும் வாசலில் நின்றார்கள். நர்ஸ் பழனியாத்தாள் குழந்தையைத் துணி அவிழ்த்துத் தராசில் போட்டார். ஐந்து கிலோ அறுநூறு. அட்டையை எடுத்து முந்தின புள்ளியையும் இந்தப் புள்ளியையும் கோட்டால் சேர்த்தார். மேலே போக வேண்டிய கோடு கீழே இறங்கியது. ஐந்து வாரத்தில் எழுநூறு கிராமாவது ஏறியிருக்க வேண்டும், முந்நூறு இறங்கியிருக்கிறது என்றார். பிறகு, நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். புவனா சாறு, வெள்ளரி, சீரக நீர் என்று சொல்லச் சொல்ல, அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏனுங்க அம்மணி, நீங்க தின்னாத்தானுங்க புள்ளைக்கு. எடை குறையோணும்னு நெனைக்கறது தப்பில்லீங்க. நாலு வேளை நல்லாத் தின்னுபோட்டு, காலைல சாயங்காலம் நடங்க. பாப்பா கேக்கறப்பெல்லாம் எடுத்துக் குடுங்க. உங்குளுது மெல்லக் குறையும், ஆறு மாசமாகும், ஒரு வருசமாகும், ஆனாத் தப்பில்லீங்க. பாப்பாளுது குறையக் கூடாதுங்க."

அவ்வளவுதான் சொன்னார். மேடை, மைக், மணி எதுவும் இல்லை. நாலு நாளைக்கு ஒரு தடவை கொண்டுவந்து காட்டச் சொல்லி, டாக்டரம்மாவிடமும் அனுப்பிவைத்தார். பால் திரும்பிவிடும் என்று டாக்டரம்மாவும் சொன்னார். வருகிற வழியில் மேட்டுப்பாளையம் ரோட்டு ஓரத்துக் கடையில் புவனா ஏழு இட்லி சாப்பிட்டாள். அழுதுகொண்டே சாப்பிட்டதால் கடைக்காரர் சட்னி காரமோ என்று கேட்டார்.

மத்தியானம் அந்த எடை அட்டையை எடுத்துக்கொண்டு மையத்துக்குப் போனாள். சண்டை போடுவதற்காகப் போகவில்லை. அவர்களுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது, தெரிந்தால் பதறிப்போவார்கள் என்றுதான் நினைத்துப் போனாள்.

இயக்குநர் அட்டையைத் தொடாமலே பார்த்தார். அது அரசுத் தராசு, எங்கள் அளவீட்டு முறையில் வராது என்றார். ஹரிதாதான் பதற்றமே இல்லாமல் கணினியைத் திருப்பிக் காட்டினாள். மையத்தின் மீது தவறில்லை என்பதில் அவளுக்குப் பெருமை.

"நாங்க எதையும் மறைக்கலீங்க. ஆறாவது வாரமே முறைப்படி தெரிவிச்சு ஒப்புதல் வாங்கிட்டமுங்க. நீங்களே பாருங்க."

திரையில் அறிக்கை இருந்தது. 'பயனாளிக்குப் பால் சுரப்பு குறைந்துள்ளது. குழந்தை சோர்வாக உள்ளது, எடை இறங்கக்கூடும். இது மொத்த எடைக்குச் சாதகம். திட்டத்தைத் தொடரலாமா?' அதற்குக் கீழே இரண்டே நிமிடத்தில் வந்த பதில். 'தொடரவும். கல்யாணம் முடிந்ததும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம். கிருபாசங்கர்.' பக்கத்தில் உயர்த்திய கட்டைவிரல் படம் ஒன்று.

தேதியைப் பார்த்தாள். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று அவன் போனில் விசாரித்த அதே நாள். அவன் விசாரித்தது பதிலைத் தெரிந்துவைத்துக்கொண்டு. அவள் ஹரிதாவிடம் அழுததெல்லாம் வரிசை எண் போட்டு அந்த அறிக்கையில் இருந்தது. திருட்டுத்தனமாகத் தின்ற ஒரு நிலக்கடலை உருண்டைகூட விட்டுப்போகவில்லை. மையத்தின்மீது அவளுக்கு வந்தது வெறும் கோபம். அண்ணன்மீது வந்ததற்கு அவளுக்குப் பெயர் தெரியவில்லை.

கட்டடத்து வாசலிலேயே நின்று போன் செய்தாள்.

"என்ற புள்ளை தேயறது உங்குளுக்குத் தெரியுமுங்களாண்ணா?"

"இன்னொரு மாசம்தான கண்ணு. பொண்ணு ஊட்டுக்காரங்க பெரிய இடம். மண்டபத்துல ஆளுயரத்துக்குத் திரை வெக்கறாங்க. உன்னையப் பாத்து யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லிப்போட்டா எனக்குத் தாங்குமா? பால் பவுடர் இல்லாத கடை எங்க இருக்குது, வாங்கிக் குடுத்தாப் போச்சு."

"குடுக்கச் சொல்லி நீங்க எழுதலீங்களேண்ணா. தொடரவும்னுதான எழுதியிருக்கறீங்க" என்றாள். அவன் பேச்சை மாற்றி, காரில் வருகிறேன், நேரில் பேசிக்கொள்ளலாம் என்றான். வரவில்லை.

பத்து நாளில் மையத்திலிருந்து கடிதம் வந்தது. பயனாளி ஒத்துழைக்க மறுத்து உணவு உட்கொண்டதாகத் தெரிகிறது, ஆகவே உறுப்பினர் தகுதி நீக்கப்படுகிறது, மீதமுள்ள வாரங்களைச் சீரளித்தவர் விரும்பினால் வேறொரு சகோதரிக்கு மாற்றிக்கொள்ளலாம். சீரளித்தவர் விரும்பினார். பெரியப்பா மகள் ரித்திகாவுக்கு மாற்றினார். ரித்திகா ஐம்பது கிலோ. வயதுக்கு வந்ததிலிருந்தே அவ்வளவுதான். அவளையும் இரண்டு கிலோ குறைத்து, இணைச்சீருக்கும் அவளையே நிறுத்துவது என்று முடிவாயிற்று. கூடப்பிறந்தவள் இல்லாத வீட்டில் பங்காளி மகள் நிற்பது முறைதான். கூடப்பிறந்தவள் இருக்கும்போதே நிற்பது இதுதான் முதல் தடவை. அம்மா ராசாத்தாள் போனில், மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாதே, போட்டோ என்றைக்கும் இருக்கிற சமாச்சாரம் என்றாள். பேசி முடிக்கும்போது, பூண்டு தீர்ந்துவிட்டதா, கொடுத்தனுப்பட்டுமா என்றும் கேட்டாள்.

கல்யாணத்துக்குப் போவதில்லை என்றுதான் இருந்தாள். சபரீஷ்தான், போகாவிட்டால் நீதான் தப்பு செய்தாய் என்று ஆகிவிடும் என்றான். போனாள். எழுபத்தாறு கிலோவும், ஆறு கிலோ நானூறு பாப்பாவும். மண்டபத்தில் முன்வரிசையில் உட்கார்ந்து இணைச்சீரைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் சகோதரி இணைச்சீர் செய்துகொள்கிறார் என்று மைக்கில் சொன்னபோது, தெரிந்தவர்கள் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ரித்திகா மயக்கம் வராமல் நின்று முடித்தாள். பக்கத்து நாற்காலியில் சிறப்பு விருந்தினராக வந்திருந்த டாக்டர் வரதராஜுலு, தன் தயாரிப்பைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாலி கட்டி முடிந்து, உறவுக்காரர்கள் படம் எடுக்கும் நேரம் வந்தது. அண்ணன் மேடையிலிருந்து கையைக் காட்டிக் கூப்பிட்டான். சிரித்துக்கொண்டுதான் கூப்பிட்டான். நாலு பேர் பார்க்கும்போது வராமல் இருக்க மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும். புவனா குழந்தையோடு ஏறிப்போய் ஓரத்தில் நின்றாள். புகைப்படக்காரர் கேமராவிலிருந்து தலையை எடுத்து, ஏதோ சொல்லத் தயங்கினார். அவருக்காக அண்ணனே காதோரம் குனிந்து சொன்னான்.

"பாப்பாவ முன்னால புடிச்சுக்க கண்ணு. வயிறு மறைஞ்சுக்கும்."

குழந்தையை அவள் தூக்கத்தான் தூக்கினாள். வயிற்றுக்கு நேரே கொண்டுபோன கை அங்கேயே நின்றது. பாப்பா பசியில் தலையை அந்தப் பக்கம் இந்தப் பக்கம் ஆட்டி, சீலையை வாயால் தேடினாள். மேடையில் உட்கார ஒரே ஒரு இடம்தான் இருந்தது, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் போட்ட சிவப்புச் சோபா. படத்துக்காக இரண்டு பேரும் எழுந்து நின்றிருந்தார்கள். புவனா போய் அதன் நடுவில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்து மூடி, பாப்பாவுக்குப் பால் கொடுக்க ஆரம்பித்தாள்.

ஆளுயரத் திரையில் அவளுடைய எழுபத்தாறு கிலோவும் தெரிந்தது. படமெடுப்பவர் கேமராவை வேறு பக்கம் திருப்பலாமா என்று மாப்பிள்ளையைப் பார்த்தார். பெண் வீட்டுக் கிழவி ஒருத்தி, புள்ளைக்குப் பசி, இருங்கடா என்று கீழேயிருந்து அதட்டினாள்.

அண்ணன் சிரிப்பைக் கலைக்காமல் பல்லுக்குள் கேட்டான். "எப்ப கண்ணு முடியும்?"

"அவ வயிறு நெறஞ்ச பொறவுங்ணா" என்றாள் புவனா. அவனை நிமிர்ந்து பார்க்கவில்லை. இனிப் பார்க்கப்போவதும் இல்லை.

பாப்பா மடக்கு மடக்காக விழுங்கினாள். குடித்து முடிக்க இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. அதுவரை அண்ணனும் அண்ணியும் மாலையோடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள்.